காடி கேஸ் சாப்பிடுமா?



முதலில் உங்களிடம் ஒரு கேள்வி. உங்கள் வீட்டு ஐஸ் பெட்டியை வாங்கி எத்தனை வருடம் ஆகிறது? பத்து வருடமா, பன்னிரண்டு வருடமா? அதற்குள் எத்தனை முறை அதற்குக் கேஸ் ஏற்றினீர்கள்? உங்களில் பெரும்பாலோர், "ஒரு முறைகூட இல்லையே" என்றுதான் சொல்வீர்கள். இரவு பகலாக ஓடுகிறது. மீனையும் மாவையும் கெடாமல் காக்கிறது. கேஸ் வேண்டும் என்று அது ஒரு நாளும் கேட்டதில்லை.

அப்படியானால், அதே முறையில் வேலை செய்கிற காடி ஏர்கோனுக்கு மட்டும் மூன்று மாதத்துக்கு ஒரு முறை கேஸ் ஏற்ற வேண்டியிருப்பது ஏன்? இந்தக் கேள்விக்குப் பதில் தேடியதில் எங்கள் குடும்பத்துக்கு ஒரு பெருஞ்செலவு தப்பியது. உங்களுக்கும் உதவட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

555 நோட்டு சொன்ன கணக்கு

வீட்டுச் செலவை 555 நோட்டில் எழுதிவைப்பது என் வழக்கம். தோட்டத்துக் கடையில் பற்று வைத்து வாங்கிய காலத்தில் என் அம்மாவிடம் கற்றுக்கொண்டது. 2025-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் அந்த நோட்டைப் புரட்டியபோது ஒரே செலவு மூன்று இடத்தில் கண்ணில் பட்டது. மார்ச் 8, காடி கேஸ், 80 வெள்ளி. மே 31, காடி கேஸ், 80 வெள்ளி. ஆகஸ்டு 2, காடி கேஸ், 80 வெள்ளி. முதல் முறைக்கும் இரண்டாம் முறைக்கும் நடுவில் 12 வாரம். அதற்கடுத்த முறைக்கு 9 வாரம்தான்.

மொத்தம் 240 வெள்ளி. சட்டப்படியான குறைந்தபட்ச மாதச் சம்பளம் 2025 பிப்ரவரியில்தான் 1,700 வெள்ளி ஆனது. அப்படிப் பார்த்தால் ஒரு வாரச் சம்பளத்தில் பாதிக்கு மேல் ஏர்கோன் கேஸுக்கே போயிருந்தது.

"ஏர்கோன் இல்லாவிட்டால் என்ன? நாமெல்லாம் லாரியில் நின்றுகொண்டு வேலைக்குப் போனவர்கள்தானே!" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். எங்களுக்காக மட்டும் என்றால் கண்ணாடியை இறக்கிவிட்டுப் போய்விடுவோம். ஆனால் அந்தக் காடி என் மாமியாருக்காக ஓடுகிறது. எழுபது வயதைத் தாண்டியவர். முப்பது வருடத்துக்கு மேல் மரம் சீவியவர். இன்று சிறுநீரகம் கெட்டு, வாரம் மூன்று நாள், ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம் இரத்தம் சுத்தம் செய்துகொள்கிறார். நாங்கள் இருப்பது பெஸ்தாரி ஜெயா பக்கம். நம் பெரியவர்கள் இன்னும் பத்தாங் பெர்ஜுந்தை என்றே சொல்லும் ஊர். அங்கிருந்து ஈஜோக், மேரு வழியாகக் கிள்ளான் போய்வர வேண்டும்.

இந்த நோய் உள்ளவர்கள் வீட்டில் இருந்தால் உங்களுக்குத் தெரிந்திருக்கும். அவர்கள் நினைத்தபோது தண்ணீர் குடிக்க முடியாது. டாக்டர் சொன்ன அளவுக்குமேல் ஒரு குவளை கூடினாலும் கால் வீங்கும், மூச்சு முட்டும். வெயிலில் வாடி வந்தால் தாகம் எடுக்கும். தாகத்துக்குக் குடிக்கவும் முடியாது. சிகிச்சை முடிந்து வரும்போது இரத்த அழுத்தம் இறங்கித் தலை சுற்றும். "எனக்கென்னம்மா, வெயில்லயே வளந்த ஒடம்பு" என்று அவர் சொல்லுவார். ஆனால் மேரு பக்கம் லாரி வரிசையில் காடி நின்றுவிட்டால், உலர்ந்த உதட்டை நாக்கால் ஈரப்படுத்திக்கொண்டே வருவார். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டு வருவது நான். எங்களுக்கு ஏர்கோன் ஆடம்பரம் அல்ல.

"அப்படித்தான் அக்கா!"

ஆகஸ்டு மாதம் பட்டறைக்குப் போனபோது நானும் கூடப் போனேன். என் வீட்டுக்காரர் கேட்கத் தயங்குவார். நான்தான் கேட்டேன்.

"தம்பி, மே மாசம் ஏத்துன கேஸ் எங்க போச்சு?"

"ஏர்கோன்னா அப்படித்தான் அக்கா. பழைய காடி. மூனு மாசத்துக்கு ஒரு தடவ கேஸ் சாப்பிடும்" என்றார் அந்தத் தம்பி.

பெட்ரோலைக் காடி சாப்பிடும். அது எரிந்து புகையாகப் போகிறது. எண்ணெயும் நாளடைவில் கறுத்துக் கெடும். கேஸை எதற்குச் சாப்பிடுகிறது? அந்தப் பட்டறையில் எனக்குப் பதில் கிடைக்கவில்லை.

பதில் சொன்னவன் என் அண்ணன் மகன். தொழிற்பயிற்சிக் கழகத்தில் குளிர்சாதனத் தொழில் படித்தவன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்திருந்தான். விஷயத்தைச் சொன்னதும் சிரித்தான். "அத்தை, கேஸ் தீந்துபோற பொருள் இல்ல. ஒன்னு உள்ள இருக்கும், இல்லன்னா வெளிய போயிருக்கும். வெளிய போயிருந்தா எங்கயோ ஓட்ட இருக்கு" என்றான். பிறகு எங்கள் ஐஸ் பெட்டியின் பின்பக்கத்தைக் காட்டியே பாடம் நடத்தினான். அவன் சொன்னதை எனக்குப் புரிந்த அளவில் உங்களுக்குச் சொல்கிறேன்.

குளிர் எப்படி வருகிறது?

ஊசி போடுமுன் நர்ஸ் கையில் ஸ்பிரிட் தடவுவார். சில்லென்று இருக்கும். ஸ்பிரிட் ஆவியாகும்போது நம் தோலின் சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது. மண்பானைத் தண்ணீர் குளிர்வதும் இப்படித்தான். பானை மேல் கசியும் நீர் ஆவியாகும்போது உள்ளே உள்ள நீரின் சூட்டை இழுத்துக்கொள்கிறது.

ஏர்கோனும் இதே தத்துவம்தான். 1990-களின் நடுப்பகுதியிலிருந்து வந்த கார்களில் பெரும்பாலும் ஆர் 134 ஏ என்ற கேஸ் இருக்கிறது. வெளிக்காற்றின் அழுத்தத்தில் இது பூஜ்யத்துக்குக் கீழே 26 டிகிரியிலேயே கொதித்து ஆவியாகிவிடும். தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கிறது என்பதை நினைத்துப் பாருங்கள்.

இஞ்சின் பக்கத்தில் கம்ப்ரஸர் இருக்கிறது. பெல்ட்டால் சுற்றும் இது கேஸை நெருக்கி அழுத்துகிறது. நெருக்கினால் சூடாகும். சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்ப் சூடாவதைப் பார்த்திருப்பீர்கள். சூடான கேஸ் காரின் முன்னால், ரேடியேட்டருக்கு முன் இருக்கும் கண்டென்ஸருக்குப் போகிறது. அங்கே காற்றுப்பட்டுச் சூடு தணிந்து திரவமாகிறது. அடுத்து டிரையர் என்ற சிறு குடுவை. அதில் ஈரத்தை உறிஞ்சும் மணிகள் இருக்கும். அதன்பின் எக்ஸ்பான்ஷன் வால்வு என்ற சிறு வாசல். அந்த வாசலைத் தாண்டியதும் அழுத்தம் சட்டென்று இறங்குகிறது. டேஷ்போர்டுக்குள் ஒளிந்திருக்கும் கூலிங் காயிலுக்குள் திரவம் பொங்கி ஆவியாகிறது. ஆவியாக வேண்டிய சூட்டைக் காருக்குள் இருக்கும் காற்றிலிருந்து எடுத்துக்கொள்கிறது. நம் முகத்தில் படுவது அப்படிச் சூடு இழந்த காற்றுதான். ஆவியான கேஸ் மறுபடியும் கம்ப்ரஸருக்குத் திரும்புகிறது.

பார்த்தீர்களா? அதே கேஸ்தான் சுற்றிச் சுற்றி வருகிறது. எரிவதில்லை, கரைவதில்லை.

வீட்டு ஐஸ் பெட்டியில் கம்ப்ரஸரும் மோட்டாரும் ஒரே இரும்புப் பானைக்குள் அடைத்து மூடப்பட்டிருக்கின்றன. குழாய்களெல்லாம் பற்றவைத்தவை. காடியில் அப்படி முடியாது. பெல்ட் சுற்றுவதற்காகக் கம்ப்ரஸரின் தண்டு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அதற்கு ஒரு சீல். இஞ்சின் அதிருவதால் ரப்பர் குழாய்கள். இவற்றின் வழியே பல வருடத்தில் சிறிது கேஸ் கசியலாம். அது இயல்பு. ஆனால் 12 வாரத்தில், 9 வாரத்தில் குளிர் போய்விடுவது இயல்பு அல்ல. இடைவெளி குறைந்துகொண்டே வந்ததால் ஓட்டையும் பெரிதாகிக்கொண்டு வந்திருக்கிறது என்று அர்த்தம்.

ஓட்டையோடு ஓட்டினால் என்ன நட்டம்?

"மூன்று மாதத்துக்கு 80 வெள்ளிதானே, கொடுத்துவிட்டுப் போகலாமே" என்று தோன்றும். இங்கேதான் பெரிய ஆபத்து இருக்கிறது. கம்ப்ரஸருக்குத் தேவையான எண்ணெய் கேஸோடு கலந்துதான் சுற்றி வருகிறது. கேஸ் கசியும் இடத்தில் எண்ணெயும் கசியும். கேஸ் குறைந்தால் இருக்கிற எண்ணெயும் கம்ப்ரஸருக்குச் சரியாகத் திரும்பாது. எண்ணெய் இல்லாமல் ஓடும் கம்ப்ரஸர் சூடேறித் தேய்ந்து ஒரு நாள் இறுகிவிடும். தேய்ந்த இரும்புத் தூள் குழாய், வால்வு, கண்டென்ஸர் எல்லாவற்றிலும் பரவிவிடும். அப்போது கம்ப்ரஸரை மட்டும் மாற்றினால் போதாது. குழாய்களைக் கழுவ வேண்டும். டிரையரையும் வால்வையும் மாற்ற வேண்டும். இப்போதைய கண்டென்ஸர்களின் துளைகள் மிக நுண்ணியவை. அதற்குள் புகுந்த தூளைக் கழுவி எடுக்க முடியாது. அதையும் மாற்ற வேண்டும். சில நூறு வெள்ளியில் முடிய வேண்டிய வேலை ஆயிரத்தைத் தாண்டிவிடும்.

பல கார்களில் கேஸ் மிகவும் குறைந்தால் கம்ப்ரஸரைத் தானாக நிறுத்திவிடும் ஒரு சுவிட்ச் இருக்கிறது. அது கம்ப்ரஸரைக் காக்கத்தான். ஆகவே ஏர்கோன் பொத்தானை அழுத்தியும் கம்ப்ரஸர் ஓடவில்லை என்றால், அது கெட்டுவிட்டது என்று உடனே முடிவுகட்டிவிடக் கூடாது. கேஸ் இல்லாமலும் அப்படி நிற்கும்.

தொட்டித் தண்ணீரில் தெரிந்த குமிழி

அண்ணன் மகன் சொன்னபடி வேறொரு பட்டறைக்குப் போனோம். ஏர்கோன் வேலை மட்டுமே செய்யும் ஒரு வயதான சீனத் தவ்கே. கேஸ் ஏற்ற வேண்டாம், ஓட்டையைக் கண்டுபிடித்துக் காட்டுங்கள் என்று என் வீட்டுக்காரர் மலாயில் சொன்னார். தவ்கே தலையாட்டிவிட்டு எங்களுக்கு இரண்டு நாற்காலி போட்டார்.

முதலில் மிச்சமிருந்த கேஸை ஒரு இயந்திரத்தால் உறிஞ்சி எடுத்தார். பிறகு நைட்ரஜன் காற்றை உள்ளே ஏற்றினார். அது காய்ந்த காற்று. ஈரத்தை உள்ளே கொண்டு போகாது. குழாய் மூட்டுகள், கம்ப்ரஸர் சீல், கண்டென்ஸர் என்று எட்டும் இடமெல்லாம் சவர்க்காரத் தண்ணீரைத் தடவினார். எங்கும் குமிழி வரவில்லை. ஆனால் மானியின் முள் மட்டும் மெதுவாக இறங்கிக்கொண்டே இருந்தது. "வெளியில் இல்லை என்றால் உள்ளேதான்" என்று டேஷ்போர்டைக் காட்டினார்.

எங்கள் காடியில் இடப்பக்கத்துச் சிறு பெட்டியைக் கழற்றினால் கூலிங் காயிலை வெளியே எடுத்துவிடலாம். சில கார்களில் முழு டேஷ்போர்டையும் இறக்க வேண்டியிருக்கும். காயில் வெளியே வந்ததும் எனக்கு வாயடைத்துப் போயிற்று. அலுமினியத் தகடு என்று சொன்னார்கள். எனக்குத் தெரிந்ததோ செம்மண்ணும் முடியும் சருகும் சேர்ந்த ஒரு கம்பளி. ஒரு மூலையில் மட்டும் எண்ணெய்ப் பிசுக்கு. காயிலுக்கு நைட்ரஜன் கொடுத்து, டயர் டியூபுக்குப் பஞ்சர் பார்ப்பதுபோல் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கினார். அந்தப் பிசுக்கு இருந்த மூலையிலிருந்து பொடிப் பொடியாகக் குமிழிகள் வரிசையாக மேலே வந்தன.

"இதோ, உங்கள் 240 வெள்ளி" என்றார் என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்து.

காயில் ஏன் ஓட்டை விழுகிறது? குளிர்ந்த தகட்டில் காற்றிலுள்ள ஈரம் படிந்து தண்ணீராகும். ஏர்கோன் ஓடும்போது காரின் அடியில் சொட்டுவது அந்தத் தண்ணீர்தான். அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். ஆனால் தூசி உள்ளே போனால் ஈரத்தில் ஒட்டிச் சேறாகிவிடும். சேறு காயாமல் கிடந்து நாளடைவில் அலுமினியத்தை அரித்துவிடும். தோட்டத்துச் செம்மண் சாலையில் தினம் ஓடும் காடிக்கு இது சீக்கிரம் வரும். பழைய கார்கள் பலவற்றில் தூசியைத் தடுக்கும் ஃபில்டரே கிடையாது.

மாற்றும்போது கவனிக்க வேண்டியவை

புதுக் காயிலைப் போட்டுக் கேஸை ஏற்றிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்காதீர்கள். தவ்கே செய்த ஒவ்வொன்றையும் கேட்டு நோட்டில் எழுதிக்கொண்டேன்.

முதலாவது, டிரையரையும் மாற்றினார். கேஸ் போகும் பாதையைத் திறந்தால் காற்றும், காற்றோடு ஈரமும் உள்ளே புகும். பழைய டிரையரின் மணிகள் ஏற்கெனவே ஈரத்தை உறிஞ்சி நிறைந்திருக்கும். இனிமேல் உறிஞ்சாது. உள்ளே ஈரம் தங்கினால் எக்ஸ்பான்ஷன் வால்வில் பனிக்கட்டியாகி அடைத்துக்கொள்ளும். எண்ணெயோடு கலந்து புளித்து உலோகத்தையும் அரிக்கும்.

இரண்டாவது, எக்ஸ்பான்ஷன் வால்வையும் மூட்டுகளில் உள்ள ரப்பர் வளையங்களையும் மாற்றினார். வால்வு காயிலோடு ஒட்டியே இருக்கிறது. பின்னால் அது கெட்டால் மறுபடியும் எல்லாவற்றையும் கழற்ற வேண்டும், மறுபடியும் கூலி. வளையங்கள் சில்லறைக் காசுப் பொருள். பழையதையே போட்டால் அங்கேயே கசியும்.

மூன்றாவது, பழைய காயிலோடு போன எண்ணெய்க்கு ஈடாகப் புது எண்ணெய் அளந்து ஊற்றினார். கூடினாலும் தப்பு, குறைந்தாலும் தப்பு.

நான்காவது, வேக்குவம். ஒரு பம்பை மாட்டி முக்கால் மணி நேரம் உள்ளிருந்த காற்றை எல்லாம் இழுத்தார். காற்று இல்லாத இடத்தில் தண்ணீர் சாதாரணச் சூட்டிலேயே ஆவியாகிவிடும். அதனால் ஈரமும் சேர்ந்து வெளியேறிவிடும். பிறகு பம்பை நிறுத்திவிட்டுக் கால் மணி நேரம் முள்ளையே பார்த்தார். முள் அசையவில்லை. ஓட்டை இல்லை என்பதற்கு அது ஒரு சாட்சி.

ஐந்தாவது, கேஸைத் தராசில் வைத்து நிறுத்து ஏற்றினார். எவ்வளவு கேஸ் என்று பானெட்டின் அடியில் ஒட்டியுள்ள தாளில் கிராமில் போட்டிருக்கும். சிறிய கார்களுக்குச் சுமார் அரைக் கிலோவுக்குள்தான் வரும். அதிகம் ஏற்றினால் அதிகம் குளிரும் என்பது தவறு. அதிகமானால் அழுத்தம் கூடிக் குளிர் குறையும், கம்ப்ரஸருக்கும் கேடு.

செலவையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். காயில் 180 வெள்ளி, வால்வு 50, டிரையர் 45, வளையமும் எண்ணெயும் 25, கேஸ் 80, கூலி 150. ஆக 530 வெள்ளி. காடிக்குக் காடி, ஊருக்கு ஊர் இது மாறும். அன்று முழுக்க என் வயிறு எரிந்தது உண்மை. ஆனால் ஓட்டையை அப்படியே விட்டிருந்தால், அடுத்த ஒரு வருடத்தில் கேஸுக்கே அதில் பெரும்பங்கு போயிருக்கும், கம்ப்ரஸரும் போயிருக்கலாம். அதன்பின் 555 நோட்டில் "காடி கேஸ்" என்று நான் எழுதவில்லை.

செலவைக் குறைக்கப் பழைய காயில் கிடைக்குமா என்று சிலர் தேடுவார்கள். கழற்றி மாட்டும் கூலி பழையதற்கும் அதேதான். பழைய காயிலின் ஆயுள் யாருக்குத் தெரியும்? கம்ப்ரஸரைப் பழையதாக வாங்குவோர் உண்டு. அப்போதும் டிரையரைப் புதிதாகத்தான் போட வேண்டும்.

காற்றில் போன கேஸ்

கசிந்த கேஸ் நம் காசோடு நிற்பதில்லை. முன்பு கார்களில் ஆர் 12 என்ற கேஸ் இருந்தது. இந்த வகைக் கேஸ்கள் வானத்தில் உயரே போய், வெயிலின் கொடிய கதிர்களைத் தடுக்கும் ஓசோன் படலத்தை அரிக்கும் என்று 1974-ல் மொலினா, ரோலண்ட் என்ற இரு விஞ்ஞானிகள் எழுதினார்கள். 1987-ல் மொன்ட்ரியல் ஒப்பந்தம் வந்தது. மலேசியா 1989-ல் அதில் சேர்ந்தது. அந்த இரு விஞ்ஞானிகளுக்கும் 1995-ல் நோபல் பரிசு கிடைத்தது. ஆர் 12-க்குப் பதிலாக வந்ததுதான் ஆர் 134 ஏ. இது ஓசோனைக் கெடுக்காது. ஆனால் பூமியைச் சூடாக்குவதில் கரியமில வாயுவைவிட ஆயிரம் மடங்குக்கும் மேல் வலிமையானது. இதனால் சில புதிய கார்களில் வேறு கேஸ் வந்துவிட்டது. உங்கள் காருக்கு எது என்று பானெட்டுத் தாளைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஒன்றோடு ஒன்றைக் கலக்கக் கூடாது. மலிவு என்று சொல்லி எரியக்கூடிய அடுப்புக் கேஸ் வகையை யாராவது ஏற்ற வந்தால் கட்டாயம் மறுத்துவிடுங்கள். காடிக்குள் கசிந்தால் உயிருக்கே ஆபத்து.

நீங்களே பார்க்கலாம்

குளிர் குறைந்தால் எல்லாமே கேஸ் குறைவு அல்ல. காடி ஓடும்போது குளிர்ந்து, நெரிசலில் நிற்கும்போது குளிரவில்லை என்றால் கண்டென்ஸர் காற்றாடி ஓடுகிறதா, கண்டென்ஸரில் அழுக்கு அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். காற்றே குறைவாக வந்தால் ஃபில்டரோ காயிலோ அடைத்திருக்கலாம். கால்மிதியில் தண்ணீர் தேங்கினால் காயில் தண்ணீரை வெளியேற்றும் சிறு குழாய் அடைத்திருக்கும். அது சின்ன வேலை. குளிர் நாளுக்கு நாள் மெல்ல மெல்லக் குறைந்தால் கசிவு என்று சந்தேகிக்கலாம்.

ஏர்கோன் பொத்தானை அழுத்தியதும் முன்பக்கம் "டக்" என்று ஒரு சத்தம் கேட்கும். கம்ப்ரஸரின் கிளட்ச் பிடிக்கும் சத்தம் அது. 1940-ஆம் ஆண்டு மாடலில் அமெரிக்காவின் பேக்கார்ட் கம்பெனி முதன்முதலாகத் தொழிற்சாலையிலேயே ஏர்கோன் பொருத்திய கார்களை விற்றபோது இந்தக் கிளட்ச் இல்லை. குளிர் வேண்டாம் என்றால் இஞ்சினை நிறுத்தி, பானெட்டைத் திறந்து, பெல்ட்டைக் கழற்ற வேண்டும்! இன்று நமக்கு அந்தத் தொல்லை இல்லை. அந்த "டக்" சத்தம் அடிக்கடி விட்டு விட்டுக் கேட்டால், கேஸ் குறைந்திருக்கலாம் என்று எண்ணிப் பட்டறைக்குப் போங்கள்.

உங்கள் காரில் ஏர்கோன் ஃபில்டர் இருந்தால் கார்ப் புத்தகத்தில் சொன்ன தூரத்துக்கு முன்னதாகவே பாருங்கள். செம்மண் சாலைக்கு அந்தக் கணக்குப் போதாது. புழுதியில் போகும்போது உள்காற்றே சுற்றும்படி பொத்தானை வைத்துக்கொள்ளுங்கள். 2019 செப்டம்பரில் புகைமூட்டத்தால் பள்ளிக்கூடங்களை மூடினார்களே, அதுபோன்ற நாட்களிலும் அப்படியே செய்யலாம்.

பட்டறைக்குப் போனால் இந்த நான்கையும் தயங்காமல் கேளுங்கள்.

ஓட்டை எங்கே? எனக்குக் காட்ட முடியுமா?

டிரையரையும் சேர்த்து மாற்றுவீர்களா?

எத்தனை நிமிடம் வேக்குவம் போடுவீர்கள்?

எத்தனை கிராம் கேஸ் ஏற்றினீர்கள் என்று பில்லில் எழுதித் தருவீர்களா?

நல்ல தொழிலாளி இந்தக் கேள்விகளுக்குக் கோபப்பட மாட்டார். அந்தத் தவ்கே நாற்காலி போட்டு உட்காரவைத்துச் சொன்னார். கழற்றிய பழைய காயிலையும் டிரையரையும் எங்களிடமே கொடுத்தனுப்பினார்.

நம் பெண்களில் பலர், காடி விஷயம் ஆண்கள் பாடு என்று ஒதுங்கிவிடுகிறோம். ஆனால் வீட்டுக் காசு எங்கே போகிறது என்று நமக்குத்தானே தெரியும்? ஓட்டைக் குடத்தில் தண்ணீர் எடுத்து வந்தால் வீடு வந்து சேருமுன் பாதி போய்விடும் என்பது, குழாயடியில் வரிசையில் நின்ற நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இன்றைக்கே உங்கள் செலவு நோட்டை எடுத்துப் பாருங்கள். ஒரே செலவு இரண்டு முறை, மூன்று முறை வந்திருந்தால், நான்காம் முறை காசை நீட்டுமுன் "ஓட்டை எங்கே?" என்று கேளுங்கள்.